சீர்த் தட்டில் வந்த லேப்டாப்

என் கல்யாணத்தில் மண்டபத்துக்குள் வரிசையாக வந்த சீர்த் தட்டுகளில் ஒன்றில் லேப்டாப் இருந்தது. வாழைப்பழத் தட்டு, தேங்காய்த் தட்டு, வெற்றிலைத் தட்டு, அதற்கடுத்து ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் பட்டுத் துணி விரித்து, மூடியைத் திறந்து நிமிர்த்தி வைத்த லேப்டாப். மூடியின் வெளிப்பக்க மூலையில் கட்டைவிரல் நீளத்துக்குச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். மைக் பிடித்தவர், "பொண்ணு வீட்டுச் சீர், புத்தம் புது லேப்டாப் ஒண்ணு" என்று வாசித்தபோது, பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்கு மாலைக்குள் கழுத்து ஒரு சாண் உயர்ந்தது.

"பெட்டியோட வச்சா உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும் பாப்பா? மிக்சின்னு நினைச்சுட்டுப் போயிருவாக. தொறந்து வச்சாத்தான் சபைக்குத் தெரியும்" என்று அப்பா முந்தின நாள் சொல்லியிருந்தார். நல்ல யோசனை என்று தோன்றியது. பெட்டி எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

அப்பா விளாங்குடிக்காரர். ஒரு நூல் மில் ஆபீசில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். நான் ஒரே பெண். எனக்கு அவரைப் பற்றிப் பேசுவதென்றால் சோறு தண்ணி வேண்டாம். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் சினிமா பேசும்போது நான் எங்கப்பா பேசுவேன். எங்கப்பா இஸ்திரி போடாத சட்டை போட மாட்டார், எங்கப்பா யாரிடமும் கை நீட்ட மாட்டார், எங்கப்பா ஒன்று சொன்னால் சொன்னதுதான். கேட்டவர்கள் காதில் ரத்தம் வந்திருக்கும், பாவம்.

சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கவில்லை. தரகர்தான் வெற்றிலையை மென்றுகொண்டே, "பொண்ணு கம்ப்யூட்டர்ல டிசைன் வேலை படிச்சிருக்கு. ஒரு கம்ப்யூட்டரைச் சீரா வச்சா கௌரவமா இருக்கும்ல?" என்று கொளுத்திப் போட்டார். அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். "கம்ப்யூட்டர் என்னங்க, லேப்டாப்பே வைக்கிறேன்" என்றார். அந்த வார்த்தையைத்தான் நான் வில்லாபுரத்துக்கு, புகுந்த வீட்டுக்கு, நகையோடு நகையாகக் கொண்டுபோனேன்.

என் வீட்டுக்காரர் ஒரு மருந்து மொத்தக் கடையின் குடோனில் சூப்பர்வைசர். அதிகம் பேச மாட்டார். மாமியார் பேசுவார், அவருக்கும் சேர்த்து. நானும் சளைத்தவள் இல்லை. சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று ஆரம்பிக்கும் பேச்சு எப்படியோ சுற்றி வளைத்து எங்கள் வீட்டுச் சீரில் வந்து நிற்கும். வரவழைப்பது நான்தான். "எங்கப்பா புத்தம் புது லேப்டாப் குடுத்து அனுப்பியிருக்காரு அத்தை. இந்தத் தெருவுல எந்த மருமக கொண்டாந்தா, சொல்லுங்க?" என்பேன். மாமியார் முந்தானையை உதறிவிட்டு எழுந்து போவார். அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் முகத்தை மட்டும் பார்க்க வேண்டும். சட்டையை மாட்டிக்கொண்டு, "காய் ஏதும் வாங்கணுமா?" என்று பையை எடுப்பார். தோற்றுப் போய்த்தான் நழுவுகிறார் என்று எனக்கு உள்ளூர ஒரு குதூகலம்.

மாமியாருக்கு வாய் எப்படியோ, பக்தி உண்டு. சீராக வந்த பொருளின் சந்தனத்தை அழிக்கக் கூடாது, அது லட்சுமி என்பது அவர் கட்சி. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வந்து சாமி படம், பீரோ, அரிசிப் பானை, லேப்டாப் என்று வரிசையாகப் பொட்டு வைப்பார். பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு. அவர் மறந்தால் நான் வைப்பேன். ஆயுத பூசைக்கு அதற்குப் பூமாலையே உண்டு. மூன்று வருஷத்தில் அந்த மூலையில் சந்தனம் சின்ன அடை மாதிரி காய்ந்து ஏறியிருந்தது.

அந்த லேப்டாப்பில்தான் நான் கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுத்தேன். அவனியாபுரத்தில் ஒரு ஸ்டூடியோக்காரர் படங்களை சிடியில் போட்டுக் கொடுப்பார். தாலி கட்டும் படத்துக்குப் பின்னால் கோபுரம், மாப்பிள்ளை பெண் தலைக்கு மேல் மேகம், ஓரத்தில் ரோஜாப்பூ என்று பக்கம் பக்கமாகச் சேர்க்க வேண்டும். நல்ல வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் மெசின் நகராது. ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுக் குக்கரை அடுப்பில் ஏற்றினால் இரண்டாவது விசிலுக்கு மாப்பிள்ளை தலைப்பாகை தெரியும். பெண் முகம் வருவதற்குள் பருப்பு குழைந்துவிடும். முகூர்த்த மாசத்தில் ஸ்டூடியோக்காரர் பொறுமை இழந்தார்.

"மெமரி பத்தலைம்மா. ரெண்டு சின்ன அட்டைதான், கழட்டி மாட்டுற வேலை, போட்டா ஓடும். போட முடியலைன்னா சொல்லிருங்க, நான் வேற ஆள் பாத்துக்கிறேன்" என்றார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பார்ப்போம்" என்றார். மறுவாரம் கேட்டேன். "இருக்கிறது போதாதா?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அதற்கடுத்த வாரம் அவராகவே, "பேசாம வேற கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கிருவோமா?" என்றார். "கல்லு மாதிரி எங்கப்பா குடுத்தது இருக்கு, வேற எதுக்கு? உங்களுக்கு எங்க வீட்டுப் பொருள்னா எளக்காரம்" என்று பிடித்துக்கொண்டேன். கடைசியில், "சரி, நான் மட்டும் எடுத்துட்டுப் போயி மாட்டிட்டு வாரேன். நீ எதுக்கு வெயில்ல அலையுற?" என்றார்.

விடுவேனா? புது மெசினைத் திறந்தால் உள்ளே இருக்கும் நல்ல பாகத்தை உருவிவிட்டு மட்டமானதை வைத்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "உங்கள ஈசியா ஏமாத்திருவாங்க. நானும் வாரேன்" என்று புடவை மாற்றிக்கொண்டு பைக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். லேப்டாப் பை என் மடியில். வழியெல்லாம் அவர் வண்டியை வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார்.

மேலவெளி வீதிப் பக்கம் ஒரு மாடியில் கடை. நீளமான கண்ணாடி மேசை, அதற்கு முன்னால் எங்களைப் போல ஐந்தாறு பேர். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். லேப்டாப்பை வாங்கி பேட்டரியைக் கழற்றினார். கவிழ்த்து வைக்கப் போனவர், மூடியில் இருந்த சந்தன அடையைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

"மேடம், சாமி கும்புட்டது நல்லதுதான். ஆனா கவுத்தா இந்தத் தூளு உதிர்ந்து மேசையெல்லாம் பறக்கும். மெமரி மாட்டுற எடத்துல குங்குமம் பட்டுச்சுன்னா அது எடுக்காது. தொடச்சிரட்டுமா? வீட்டுக்குப் போயி மறுபடி வச்சுக்கங்க."

என் வீட்டுக்காரர் சட்டென்று, "வேணாம், அதுமேல ஒரு பேப்பரை ஒட்டிட்டுச் செய்ங்க" என்றார். மூன்று வருஷத்தில் அவர் அவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"தொடைங்க, தொடைங்க. வெள்ளிக்கெழமை புதுசா வச்சுக்கிறேன்" என்று நான்தான் சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

கடைக்காரர் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தார். சந்தனம் ஒரே பஞ்சில் போகவில்லை, பொருக்குப் பொருக்காக வந்தது. அடியில் ஏதோ கீறல் மாதிரி தெரிந்தது. இன்னொரு பஞ்சு. கீறல் இல்லை, எழுத்து. கூரான எதையோ வைத்து ஆழமாக இழுத்த நாலு இங்கிலீஷ் எழுத்து, ஒரு கோடு, பிறகு ஒரு எண். அரசு ஆஸ்பத்திரி நாற்காலியிலும் பள்ளிக்கூட பெஞ்சிலும் எழுதியிருப்பார்களே, அந்த மாதிரி.

"ஓ, ஆபீஸ் மெசினா? செகண்ட்ஸ்ல வாங்குனதா மேடம்?" என்று கடைக்காரர் சாதாரணமாகக் கேட்டார். அவருக்கு அது தினமும் கேட்கிற கேள்வி.

"அதெல்லாம் இல்ல. புதுசா வாங்குனது. என் கல்யாணத்துக்கு எங்கப்பா வாங்குனது" என்றேன். குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

அவர் என்னைப் பார்த்தார், அந்த எழுத்தைப் பார்த்தார். "சரிங்க மேடம்" என்றார். எதிர்த்துப் பேசியிருந்தால்கூட நான் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அந்த 'சரிங்க மேடம்'தான் என்னைக் கொன்றது.

பிறகு கவிழ்த்து, அடிமூடியின் இரண்டு திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே இரண்டு இடத்திலும் சின்னச் சின்ன மெமரி அட்டைகள், ஒன்று பச்சை, ஒன்று நீலம், வேறு வேறு கம்பெனி. ஒன்று பின்னால் யாரோ சேர்த்தது என்பது எனக்கே புரிந்தது. ஓரமெல்லாம் பழைய தலையணையைக் கிழித்த மாதிரி தூசி. அவர் ஒரு பிரஷ்ஷால் தள்ளிக்கொண்டே, தன் பாட்டுக்கு, "ஏழெட்டு வருஷத்து மாடல். இதுக்கு ஒரு அளவுக்கு மேல மெமரி ஏறாது, ஆனா உங்க வேலைக்கு இது தாங்கும்" என்றார். பழைய இரண்டையும் உருவிவிட்டுப் புது இரண்டையும் சாய்த்துச் செருகி அழுத்தினார். 'டிக்' என்று சத்தம் வந்தது. மெசினைப் போட்டுக் காட்டினார். கண்மூடித் திறப்பதற்குள் திரை வந்துவிட்டது. நான் அதைப் பார்க்கவே இல்லை. எனக்கு மேசையின் கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

என் மானம் போனது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று பிடித்துக்கொண்டது. இந்த எழுத்தோடு இதை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவது? மாமியார் கண்ணில் பட்டால்? சபையில் மைக்கில் வாசித்தது. 'புத்தம் புது.' மாமியார் ஒரு வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவார் என்பதுகூடப் பரவாயில்லை, என் வாய்க்கொழுப்புக்கு அது வேண்டியதுதான். ஆனால் பொங்கலுக்குச் சீர் கொண்டு அப்பா வருவாரே, அந்த வாசலில் அவர் எப்படி வந்து நிற்பார்?

தெருமுனையில் பூசைச் சாமான் விற்கும் பெட்டிக்கடை. வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஒரு சந்தன வில்லை, ஒரு பொட்டலம் குங்குமம் வாங்கினேன். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் தாம்பாளம் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். நான் தண்ணீர் பாட்டில் மூடியில் வில்லையைக் கரைத்து அந்த எழுத்தின் மேல் அப்பினேன். ஈரமாக இருந்ததால் வழிந்தது. மறுபடி அப்பினேன். போகிற வருகிற சனமெல்லாம் பார்த்துக்கொண்டே போனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்கள். நான் மேலவெளி வீதியில் பட்டப்பகலில் அதைச் செய்தேன். அப்பாவும் இதைத்தானே செய்திருக்கிறார், விளாங்குடி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக, என்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது. அழுதுகொண்டே குங்குமம் வைத்தேன்.

"அவரை எவனோ ஏமாத்திட்டான்" என்றேன். "புதுசுன்னு சொல்லித் தலையில கட்டிட்டான். எங்கப்பாவுக்கு இதைப் பத்தி என்ன தெரியும்?"

ஏமாந்தவர் சந்தனத்தைச் சரியாக அந்த இடத்தில் வைத்திருக்க மாட்டார் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் சொல்லிப் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெமரி வேண்டாம், வேற மெசின் வாங்கலாம், நான் மட்டும் போறேன், பேப்பரை ஒட்டுங்க. "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்" என்றார்.

"எப்பருந்து?"

"கல்யாணத்துக்கு மறுவாரமே. நீ விளாங்குடிக்குப் போயிருந்தப்ப போட்டுப் பாத்தேன். பொட்டு ஓரத்துல உதிர்ந்து எழுத்து தெரிஞ்சுச்சு. உள்ள யாரோ ஒருத்தர் வீட்டு போட்டோவா இருந்துச்சு. ஒரு பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்துறாக. நீ பாத்தா சங்கடப்படுவேன்னு எல்லாத்தையும் அழிச்சுட்டேன்."

நான் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருஷம். எத்தனை சண்டை, எத்தனை 'எங்கப்பா'. சமையற்கட்டில் நின்று நான் மார்தட்டியபோதெல்லாம் இந்த மனிதர் எல்லாம் தெரிந்துகொண்டு காய்கறிப் பையைத் தூக்கியிருக்கிறார். "ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்ல? என் வாயை அடைச்சிருக்கலாம்ல?" என்று அவர் மேலேயே பாய்ந்தேன். வேறு யார் மேல் பாய்வது?

"சொல்லி? உங்கப்பாவை நீ என்ன செய்வ?" என்றார். "எந்திரி, வெயில் ஏறுது."

விளாங்குடிக்குப் போகலாம், இப்பவே போய் அவரைக் கேட்கிறேன் என்று குதித்தேன். ஏன் பொய் சொன்னீர்கள், பழசுதான் முடிந்தது என்று சொல்லியிருந்தால் நான் என்ன வேண்டாமென்றா சொல்லியிருப்பேன் என்று நாக்கு நுனியில் கேள்விகள் வரிசை கட்டி நின்றன. "இப்பப் போனேன்னா கண்டபடி பேசிருவ. பொங்கலுக்கு வாராருல்ல, அப்பக் கேட்டுக்க" என்று வண்டியை வில்லாபுரத்துக்கே விட்டார். வீட்டில் மாமியார், "என்னடா, போட்டாச்சா?" என்றார். "ஆச்சும்மா" என்றார் இவர். மாமியார் பொட்டைப் பார்த்து, "இன்னைக்கு வெள்ளிக்கெழமை இல்லையே" என்று மட்டும் சொன்னார். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

அன்றிலிருந்து மெசின் ஓட்டமாய் ஓடியது. ஸ்டூடியோக்காரர் இரண்டு மடங்கு வேலை கொடுத்தார். சந்தோஷப்பட எனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை. ஒவ்வொரு ஆல்பத்திலும் சீர்த் தட்டுப் படம் ஒன்று வரும். மகளுக்குப் பக்கத்தில் புதுவேட்டியில் நிற்கும் அப்பன்களின் முகம் வரும். அந்தப் பக்கத்தை மட்டும் அவசர அவசரமாக முடிப்பேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் அப்பா வந்தார். பெரியார் நிலையத்தில் பஸ் மாறி, கரும்புக் கட்டைத் தோளில் வைத்து, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், எனக்குச் சேலை, மாப்பிள்ளைக்கு வேட்டி என்று இரண்டு கையும் இழுக்க வந்தார். இஸ்திரிச் சட்டை தோளில் மட்டும் கசங்கியிருந்தது. நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. "வாங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனேன். காபி குடிக்கட்டும், மாமியார் கொஞ்சம் நகரட்டும், உள்ளே கூப்பிட்டுக் கேட்டே தீருவது என்று பாலை அடுப்பில் வைத்தேன். கூடத்தில் பேசுவது அடுப்படிக்குக் கேட்கும்.

மாமியார்தான் ஆரம்பித்தார். "ஏன் சம்பந்தி, புத்தம் புது மெசின்னு சொன்னீக. மூணே வருசத்துல எம்மகன் டவுனுக்குத் தூக்கிட்டுப் போயி, பிரிச்சு என்னத்தையோ மாத்திட்டு வந்துருக்கான். புதுசுக்கு எதுக்கு அம்புட்டு வைத்தியம்?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"இவ ஒருத்தி" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். தன் அம்மாவைத்தான் சொன்னார். "மாத்தலம்மா, கூட்டிருக்கு. வீட்டுல ஆள் கூடுனா பெரிய பானை வாங்குறோம்ல? வேலை கூடிருச்சு, மெமரியைக் கூட்டியாச்சு. புதுசு பழசெல்லாம் கெடையாது. அந்தா, கோலமாவுக்காரன் போறான் பாரு."

மாமியார் கோலமாவுக்காரனைக் கூப்பிட்டுக்கொண்டே வாசலுக்கு ஓடினார். கூடத்தில் இரண்டு பேர் மட்டும். அப்பாவின் குரல் கேட்டது. அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"மாப்ள, பிரிச்சப்ப நீங்க பக்கத்துல இருந்தீகளா?"

"இருந்தேன் மாமா."

"பாத்துட்டீகளா?"

"பாத்தேன் மாமா. அதை விடுங்க."

"பாப்பாவும் வந்துச்சா?"

நான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்ல மாமா. அவ வரல. நான் மட்டுந்தான் போனேன்."

அப்பா பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "அது போதும் மாப்ள. நீங்க என்னைய என்ன வேணாலும் நினைச்சுக்கங்க. சம்பந்தியம்மாகிட்ட வேணாலும் சொல்லிக்கங்க, நான் கேட்டுக்கிறேன். பாப்பாவுக்கு மட்டும் தெரிய வேணாம். அது எம்மேல அம்புட்டுப் பெருமை வச்சிருக்கு."

"தெரியாது மாமா" என்றார் இவர்.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அணைக்கக் கை எழவில்லை. ஊர் சிரிக்கும், சம்பந்தி சிரிப்பார் என்று பயந்துதான் அவர் மறைத்தார் என்று நான் இத்தனை நாளும் பொருமிக்கொண்டிருந்தேன். அவர் பயந்தது எனக்குத்தான். வருஷா வருஷம் கரும்பைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தவர், என் முகத்தைப் பார்த்துத்தான் பயந்து பயந்து உட்கார்ந்திருந்தார். கதவுக்குப் பின்னால் நின்று பல்லைக் காட்டியவள் நான்தானே? வெட்கத்தில் என் உடம்பெல்லாம் எரிந்தது. கேட்க வைத்திருந்த கேள்வி ஒன்றுகூட மிச்சமில்லை.

முகத்தைக் கழுவிவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டு போனேன். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். தோளில் கசங்கியிருந்த சட்டையைத் தடவிவிட்டுக்கொண்டார்.

"இம்புட்டு நேரமா பாப்பா காபிக்கு?"

"பால் பொங்கிருச்சுப்பா."

"மெமரி போட்டுருக்காமே, மாப்ள சொன்னாரு. எப்படி ஓடுது?"

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா ஓடுதுப்பா" என்றேன். "கடைக்குப் போனவுக சொன்னாக, நல்ல மெசினாம்."

அப்பா தலையாட்டிவிட்டுக் காபியை ஆற்றினார். ஒரு சொட்டு வேட்டியில் விழுந்தது. நான் அதைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். அவர் கிளம்பும்வரை நிமிரவே இல்லை.